தானா ஓடணுமா என்று நீ கேட்டாய்

கதிர்,

நலம் விசாரிப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே முடிந்துவிட்டது. அங்கே குளிர் எப்படி, இங்கே வெயில் எப்படி, அப்பாவுக்குச் சுகர் எவ்வளவு, எல்லாம் கேட்டுக்கொண்டோம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனை வைக்கப் போகிற நேரத்தில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "எங்க டீம்ல ஒரு பஞ்சாயத்தும்மா. புதுசா ஒரு சர்வீஸ இன்ஸ்டால் பண்ணுனா அது உடனே தானா ஓடணுமா, இல்ல நாம சொன்னப்புறம் ஓடணுமா? பாதிப் பேரு அப்படிங்கான், பாதிப் பேரு இப்படிங்கான். முடிவ நான்தான் எழுதிக் குடுக்கணும். நீ இருவத்தஞ்சு வருசம் சர்வர் பாத்தவ, நீ என்ன சொல்லுத?" நான் "கூடாது" என்றேன். லைன் போய்விட்டதோ என்று நீ இரண்டு முறை அலோ சொன்னாய். பிறகு, "சரிம்மா, யோசிச்சுச் சொல்லு, அடுத்த வாரம் மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டாய்.

யோசித்தேன். நான்கு நாளாக அதைத்தான் யோசிக்கிறேன். நீ என் வேலையைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் கேட்காத நாளே கிடையாது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது நான் கண்டெய்னர் யார்டிலிருந்து வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலிலேயே பிடித்துக்கொள்வாய். சர்வர் ஏன் சூடாகிறது, கேட்டில் லாரி நம்பரைத் தப்பாக அடித்தால் என்ன ஆகும், பாஸ்வேர்டு மறந்தால் கம்ப்யூட்டரை உடைக்கணுமா. அப்பா கடையிலிருந்து வந்து, "ஏலே, அவள முதல்ல காப்பி குடிக்க விடுலே" என்பார். அப்படிக் கேட்ட பிள்ளை ஒரு பொங்கல் விடுமுறையோடு கேட்பதை நிறுத்திக்கொண்டான். ஏன் நிறுத்தினாய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது நீ கேட்டது அந்த நாளை நினைவில் வைத்துத்தானா, இல்லை ஆபீஸ் வேலைக்காக மட்டும்தானா என்பது எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் முழுப் பதிலையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதக் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன். அதற்குப் பிறகு சொன்னால் அதற்கு மதிப்பில்லை.

இதைத் திறந்த கடிதமாகவே எழுதுகிறேன். யார்டில் என்னோடு இருப்பவர்களும் படிக்கட்டும், வெளியே இருப்பவர்களும் படிக்கட்டும். நான் செய்த தப்பே வாயைத் திறக்காமல் இருந்ததுதான். அதை உன் காதில் மட்டும் ரகசியமாகச் சொன்னால் அதே தப்பை இன்னொரு தடவை செய்தது மாதிரி ஆகும். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: சர்வீஸ் என்பது யாரும் திறக்காமலே சர்வருக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம். காவல்காரன் வாசலில் நிற்பதுபோல அது ஒரு எண்ணுள்ள வாசலில் நின்று, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும். ஒரு வாசலில் ஒருவர்தான் நிற்க முடியும்.

எங்கள் கண்டெய்னர் யார்டில் அப்படி நின்றது கேட் புரோகிராம். துறைமுகத்துக்குப் போகிற ஒவ்வொரு லாரியும் எங்கள் கேட்டில் நின்று, பெட்டி எண், சீல் எண், எடை எல்லாம் பதிவாகி, சீட்டு வாங்கித்தான் நகர வேண்டும். நீ காலேஜில் மூன்றாம் வருஷம் படித்தபோது, டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம், எந்த நேரம் வேலை அதிகம் என்பதையெல்லாம் படமாகப் போட்டுக் காட்டும் ஒரு சின்னப் புரோகிராமை அந்த சர்வரில் போட்டேன். நான் கேட்டது அதை மட்டும்தான். அது தனக்குத் துணையாக, திரையில் பக்கங்களைக் காட்டும் வெப் சர்வர் என்ற இன்னொரு சர்வீஸையும் இழுத்துக்கொண்டு வந்தது. அந்தத் துணை, வந்த வேகத்திலேயே தானாக ஓடப் பார்த்தது. கேட் புரோகிராம் ஏற்கனவே அந்த வாசலில் நின்றதால் அன்றைக்கு அதனால் முடியவில்லை. 'முடியவில்லை' என்று ஒரு வரி திரையில் ஓடிப்போனது. நான் பார்க்கவில்லை. எனக்கு வேண்டிய படம் வந்துவிட்டது, வரைபடம் பச்சையும் நீலமுமாக அழகாக இருந்தது, எழுந்து போய்விட்டேன். ஆனால் இனிமேல் சர்வர் எப்போது புதிதாக எழுந்தாலும் தானும் எழுந்துகொள்வதாக அது தன் பெயரை எழுதி வைத்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாற்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒருநாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்டு போனது. யூபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதமாகியிருந்தது, புதிது கேட்டு நானும் எழுதிப் போட்டிருந்தேன். அதனால் சர்வர் அந்த நிமிஷமே அணைந்தது. யார்டு எலக்ட்ரீஷியன் ஆறுமுகம் அண்ணாச்சி ஜெனரேட்டரைப் போட்டு லைனை மாற்றினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. விளக்கு வந்தது, ஏசி வந்தது, சர்வரும் எழுந்தது. ஆனால் இந்த முறை அந்தக் கேட்காமல் வந்த துணை முந்திக்கொண்டு எழுந்து, கேட் புரோகிராமின் வாசலில் போய் நின்றுகொண்டது. கேட் புரோகிராமுக்கு நிற்க இடமில்லை.

கேட்டிலிருந்து கிளார்க் போன் செய்தான். "மேடம், பேஜ் வரல. வேற என்னமோ வருது." என்ன வருகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கரண்டு போய் வந்ததுதானே, டிஸ்க்தான் அடிபட்டிருக்கும் என்று நானே முடிவுகட்டி டிஸ்க்கைப் பார்த்தேன், டேட்டாபேஸைப் பார்த்தேன், நெட்வொர்க் வயரைக்கூடப் பிடுங்கி மாட்டினேன். பதினொரு மணிக்கெல்லாம் லாரி வரிசை வளைவைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. ஒரு டிரைவர் சர்வர் ரூம் கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்து, "எக்கா, இறால் ஏத்தி வந்திருக்கேன். கப்பல் இன்னைக்கு. நான் என்ன, தலையிலயா தூக்கிட்டுப் போவேன்?" என்று கத்தினார். ஒரு மணிக்கு மேல்தான் நான் எழுந்து கேட்டுக்கு நடந்தேன். அங்கே மூன்று கம்ப்யூட்டர்த் திரையிலும் வெள்ளையாக ஒரே பக்கம். பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில், 'வேலை செய்கிறது!' என்று போட்டிருந்தது. அந்தத் துணை சர்வர் தன் முதல் பக்கத்தில் எல்லோருக்கும் காட்டும் வாசகம் அது. பின்னால் நூறு லாரி நிற்க, கிளார்க் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பி ஓடிவந்து அதை நிறுத்தி, கேட் புரோகிராமை எழுப்ப எனக்கு இரண்டு நிமிஷம் ஆனது. நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்ற கேட், இரண்டு நிமிஷத்தில் திறந்தது. இறால் பெட்டி ஒன்றும், உலர்பூ ஏற்றிய மூன்று பெட்டிகளும் அன்றைய கப்பலைத் தவறவிட்டன.

அன்று சாயங்காலம் உன்னிடம் சொன்னபோது நாம் இரண்டு பேரும் சிரித்தோம், ஞாபகம் இருக்கிறதா? நீ லீவுக்கு வந்திருந்தாய். 'வேலை செய்கிறது!' என்ற இடத்தில் உனக்குப் புரையேறிவிட்டது. ஆனால் நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கேட் திறந்த பிறகு மேனேஜர் என்னையும் அண்ணாச்சியையும் கூப்பிட்டிருந்தார். அவருக்கு மேலே பதில் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்தது. அண்ணாச்சியைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்: "ஜெனரேட்டர மாத்தும்போது வோல்டேஜ் ஏறி சர்வர் கெட்டிருக்குமோ மேடம்?"

நான் சொன்னேன்: "இருக்கலாம் சார்."

அவ்வளவுதான் சொன்னேன். பொய் என்றுகூட யாரும் சொல்ல முடியாத இரண்டு வார்த்தை. என் மனதில் என்ன ஓடியது என்று கேட்பாய். அந்த ஆபீஸில் சேர்ந்து முதல் எட்டு வருஷம் என்னை டைப் அடிக்கத்தான் வைத்திருந்தார்கள். இரவு வகுப்பில் படித்து, பரீட்சை எழுதி, கேட்டுக் கேட்டு அந்த சர்வர் ரூம் சாவியை வாங்கினேன். வாங்கின அன்று இதே மேனேஜர் என் காது பட ஒருவரிடம், "பொம்பள கையில குடுத்திருக்கோம், பாப்போம்" என்றார். அந்த 'பாப்போம்' முடிந்துபோன நாளாக அது ஆகிவிடுமோ என்று பயந்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னால் அவர் சொல்லப்போகும் வாக்கியம் எனக்கு முன்கூட்டியே காதில் கேட்டது. அண்ணாச்சிக்கு என்ன ஆகிவிடும், திட்டுவார்கள், விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விடவில்லை. காண்டிராக்ட் ஆள்தானே, ஒரே வாரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜெனரேட்டர் ரூம் சாவியைக் கொடுக்க வந்தவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். கோபமே இல்லை அவர் முகத்தில். பரீட்சையில் எந்தக் கணக்கு தப்பு என்று கேட்கிற பிள்ளை மாதிரிதான் கேட்டார். "மேடம், நான் எங்கன தப்புனேன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்க, அடுத்த எடத்துல பாத்துக்கிடுவேன்." நான், "தெரியல அண்ணாச்சி" என்றேன். அப்போது எனக்குக் காரணம் தெரிந்து ஏழு நாள் ஆகியிருந்தது. எந்த வரியில் தப்பு, எந்த நொடியில் நடந்தது என்று காகிதத்தில் அச்செடுத்து என் டிராயரிலேயே வைத்திருந்தேன்.

பொங்கலுக்கு நீ வந்தபோது பேச்சுவாக்கில், அண்ணாச்சி எப்படி இருக்கிறார் என்று கேட்டாய். சொன்னேன். நீ சாப்பிடுவதை நிறுத்தினாய். "நீ சொல்லலையாம்மா?" என்றாய். "சொன்னா எனக்கு என்னாகும்னு உனக்குத் தெரியாதுலே" என்றேன். "சொல்லாம அண்ணாச்சிக்கு என்னாச்சுன்னு உனக்குத் தெரியும்லா" என்றாய். சத்தம் போடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாய். அன்றிலிருந்து நீ என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தாய், கதிர். அதைவிட நீ திட்டியிருக்கலாம். படிப்பு முடிந்தது, பெங்களூர் போனாய், அப்புறம் ஹாம்பர்க் போனாய். ஒவ்வொன்றும் முடிவான பிறகுதான் எனக்குச் சொன்னாய். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வளந்த பிள்ளைக அப்படித்தாம்ளா" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். நீ போன பிறகு யார்டில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. போய்ச்சேரும் ஊர் ஹாம்பர்க் என்று பதிவாகிற பெட்டிகளைத் தனியாகப் பார்ப்பேன். இங்கிருந்து சின்னக் கப்பலில் கொழும்பு, அங்கே பெரிய கப்பலுக்கு மாறி அப்புறம் உன் ஊர். இன்றைக்குப் போகிறது எத்தனை நாளில் உன் பக்கம் சேரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேலை நேரத்தில்தான்.

இனி உனக்குத் தெரியாதது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் சர்வரில் ஒரு கட்டளை எழுதிவைத்தேன். புதிதாக எதைப் போட்டாலும், நானாகச் சொல்லும்வரை அது ஓடக் கூடாது. உன் டீமில் பாதிப் பேர் கேட்கிற அதே ஏற்பாடுதான். இனி என்னை எதுவும் ஏமாற்ற முடியாது என்று கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து, தினமும் எல்லாப் பதிவையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவைக்கும் சர்வீஸ் ஒன்றைப் போட்டேன். போட்டு முடித்த நேரத்தில் அக்கவுண்ட்ஸில் பிரிண்டர் மாட்டிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். திரும்பி வரும்போது சாப்பாட்டு நேரம். நகல் போட்டாயிற்று என்று மனதில் பதிந்துவிட்டது. ஓடச் சொல்லவில்லை என்பது பதியவில்லை. நான்கு மாதம் அது சொல்லுக்காகக் காத்துக்கொண்டு சும்மா கிடந்தது. ஐந்தாம் மாதம் ஒரு திங்கட்கிழமை டிஸ்க் போய்விட்டது. நகலைத் தேடினால் ஒன்றுமே இல்லை. நான்கு மாதப் பதிவையும் ஆறு பேர் உட்கார்ந்து பழைய கேட் சீட்டுகளைப் பார்த்து மூன்று வாரம் மறுபடி அடித்தார்கள்.

அன்றைக்கு மேனேஜர் அறையில் எல்லோரும் இருந்தார்கள். யாரைக் காட்டலாம் என்று தேட எனக்கு ஆளும் இல்லை, தெம்பும் இல்லை. "என் தப்பு சார். போட்டேன், ஓட விடல. பாக்கவும் இல்ல" என்றேன். அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி மேடம். சீட்டு இருக்குல்லா, ஏத்தச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நான் சர்வர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தப்பித்தேன் என்பதற்காக அழவில்லை. இவ்வளவுதானா, இதற்குப் பயந்தா ஒரு மனுஷனை அனுப்பினேன் என்று நினைத்து அழுதேன்.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அப்பா, "ஞாயித்துக்கெழமை கடைய அடைக்கேன். போவோம்" என்றார். ஆழ்வார்திருநகரி தாண்டி ஒரு கிராமம், வயலும் வாழையுமாக இருக்கும், அங்கேதான் அண்ணாச்சி வீடு. பைக்கில் போனோம். ஆத்தூரில் நிறுத்தி ஒரு கவுளி வெற்றிலை வாங்கினார் அப்பா. "எதுக்கு?" என்றேன். "வெறுங்கையோட போயி இதச் சொல்ல முடியுமாளா?" என்றார்.

அண்ணாச்சி ஒரு வாழைத் தோட்டத்தில், மோட்டார் ரூமில் இருந்தார். வேலை போன பிறகு ஊரில் மோட்டார் ரிப்பேர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடுகிற மாதிரி ஸ்டார்ட்டரில் ஆட்டோ மாட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துவிட்டு, "வாங்க மேடம், வாங்க சார்" என்று சாக்கை விரித்தார். அப்பாவுக்குப் பதற்றம், வாயில் வந்ததைக் கேட்டார்: "இது எல்லாரும் மாட்டுதாங்களா அண்ணாச்சி?" அண்ணாச்சி சிரித்தார். "எல்லாருக்கும் ஆட்டோதான் வேணும் சார். கரண்டு எப்ப வரும்னு யாரு காத்துக் கெடக்க? நானும் மாட்டிக் குடுக்கேன். கெணத்துல தண்ணி இல்லாம ஓடி மோட்டார் எரிஞ்சா, அதுக்கும் என்கிட்டதான் வாராங்க."

நான் டிராயரில் வைத்திருந்த அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். கரண்டு போன நேரம், வந்த நேரம், சர்வர் எழுந்த நேரம், எது எந்த வாசலில் போய் நின்றது. "உங்க மேல ஒரு தப்பும் இல்ல அண்ணாச்சி. நான் போட்டதுதான். எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றேன். அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இரண்டு கையையும் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு வருசமா மேடம், எந்த ஸ்விட்ச்சத் தொட்டாலும் இந்தக் கையி நடுங்கும். அன்னைக்கு எந்த லிவர முதல்ல தள்ளுனேன், சரியாத் தள்ளுனேனா, மறந்துட்டேனான்னு. சொப்பனத்துலயும் அதான். எம் பொஞ்சாதிட்ட கேப்பேன், எனக்கு மறதி வருதாளான்னு. அப்ப நான் சரியாத்தான் மாத்துனேன், இல்ல?"

"சரியாத்தான் மாத்துனீங்க. ஐம்பது செகண்டு ஆகல" என்றேன்.

அவர் அழுதார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு மனுஷனின் வேலையைத்தான் எடுத்தேன் என்று நான் நினைத்திருந்தேன், கதிர். அவர் கையையே அவர் நம்ப முடியாமல் செய்திருக்கிறேன். அவர் என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "இத தமிழ்ல எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்று மட்டும் கேட்டார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அதையே மேனேஜரிடமும் கொடுத்தேன். இந்த முறை அந்த வாக்கியம் வந்தது. எல்லோர் முன்னாலும், "இதுக்குத்தான் பொம்பள கையில சாவியக் குடுக்கப்படாதுங்கது" என்றார். கேட்டுக்கொண்டு நின்றேன். சாவியைப் புதிதாக வந்த ஒரு இன்ஜினியரிடம் கொடுத்தார்கள். உன்னைவிட இளையவன், நல்ல பையன். இன்று வரை அவனுக்குக் கீழேதான் வேலை பார்க்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து சாளை மீன் குழம்பு வைத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். இரண்டு வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை. அண்ணாச்சி அந்தக் கடிதத்தைக் காட்டி மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் ஜெனரேட்டர் பார்க்கச் சேர்ந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். மார்க்கெட்டில் பார்த்தால் நின்று, "தம்பி நல்லாருக்கானா?" என்று கேட்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். தானாக ஓடட்டும் என்பவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். கடையில் ஃபிரிட்ஜ் வாங்குகிறவன் வீட்டுக்குக் கொண்டுவந்து செருகினால் அது குளிர வேண்டும் என்றுதான் நினைப்பான். போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம், அதில் நானும் ஒருத்தி. நான்கு மாதம் ஓடாமல் கிடந்த அந்த நகலை நினைத்தால், தானாக ஓடியிருக்கக் கூடாதா என்று இன்றும் இருக்கிறது. ஆனால் நான் பெயர் சொல்லிக் கேட்டது வேறு, அதன் கூட ஒட்டிக்கொண்டு வந்தது வேறு. கேட்காமல் வந்தது சும்மாதான் இருக்க வேண்டும். அதேபோல இப்போது ஓடுவது ஒரு கேள்வி, இனி ஒவ்வொரு முறை சர்வர் எழும்போதும் எழுவது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே 'சரி'யில் கட்டாதே. கேட் அன்று நின்றது அந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்காததால்தான். நீ எந்தப் பக்கம் எழுதினாலும் எழுது. ஆனால் எது தானாக ஓடினாலும், எது ஓடாமல் காத்திருந்தாலும், அதைப் போட்டவருக்குக் கண்ணில் படுகிற மாதிரி சொல்லிவிட வேண்டும் என்று எழுது. நான் இந்த வாசலில் நிற்கிறேன், அல்லது நான் இன்னும் ஓடவில்லை, உன் சொல்லுக்காக இருக்கிறேன் என்று. ஓடிப்போகிற வரியில் சொன்னால் போதாது. எந்த ஏற்பாட்டிலும் ஒருநாள் கேட் நிற்கும். அன்றைக்கு ஆறுமுகம் அண்ணாச்சி மாதிரி ஒருவர் பக்கத்தில் நிற்பார். உன் டீமில் இருப்பவர்களிடம் அதையும் சொல். அது விதியில் எழுதிவைக்க முடியாத விஷயம்.

அண்ணாச்சியைப் போய்ப் பார்த்ததை ஏன் இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லவில்லை என்றால், அதைச் சொல்லி உன் மன்னிப்பை வாங்கப் பார்க்கிறேன் என்று நினைப்பாயோ என்று இருந்தது. இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. நீயாகக் கேட்பாய் என்று காத்திருந்தேன். என் பிள்ளைக்கு அம்மா மேல் ஒரு நாள் சந்தேகம் வரும், இவள் அப்படியே இருந்திருக்க மாட்டாளே என்று தோன்றும், கேட்பான் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீயாகக் கூப்பிட்டால் பேசுவேன், நானாக ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அப்பா கேட்டால், "அவன் வேலையா இருப்பான்" என்பேன். உனக்கு முதுகில் அந்த மச்சம் இன்னும் இருக்கிறதா, தோசைக்கு யார் மாவு ஆட்டுகிறார்கள், சாயங்காலம் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற அந்த ஊரில் விளக்கைப் போட்டுக்கொண்டு தனியாக என்ன செய்கிறாய், எதுவும் எனக்குத் தெரியாது. கேட்க உரிமை இல்லை என்று நானே நினைத்துக்கொண்டு ஒன்பது வருஷத்தை விட்டுவிட்டேன்.

ஓய்வு விழாவுக்கு வா என்று கேட்கவில்லை. ஒரு சால்வை, ஒரு மிக்சர் பொட்டலம், மேனேஜர் நாலு வார்த்தை பேசுவார், அதற்கு நீ அவ்வளவு தூரம் வர வேண்டாம். இதை இன்று உனக்கு மெயிலில் அனுப்புகிறேன். நாளைக்கு இங்கே மத்தியானம் ஒரு மணிக்கு, உனக்குக் காலையில் நீ காப்பி போடுகிற நேரத்துக்கு, நான் கூப்பிடுகிறேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. நீ கோபமாக இருந்தாலும் சரி. எடுலே.

அம்மா